வலப்பக்கம் திருகினால் சத்தம் குறைகிறதா? குமிழுக்குள் நடக்கும் குழப்பம் இதுதான்!

கார் ஸ்டீரியோவில் சத்தத்தைக் கூட்ட, குமிழை வேகமாகத் திருகுகிறீர்கள். சத்தமோ குறைகிறது. பாட்டு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மருந்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும் குமிழில் இப்படி நடந்தால்?

தாம்பரம் தாண்டி, பொத்தேரியில் மின்சார ரயிலைவிட்டு இறங்கினால் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம் வளாகம். இங்கு மாணவர்கள் உருவாக்கிய எஸ்.ஆர்.எம்.சாட், 2011 அக்டோபர் 12-ல் பி.எஸ்.எல்.வி-சி18 மூலம் விண்ணுக்குச் சென்றது. ரோபோவோ, மோட்டாரோ... எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு எதிர்ப்படும் அடிப்படைக் கேள்வி ஒன்று உண்டு: சக்கரம் எந்தப் பக்கம், எவ்வளவு சுற்றியது? அதைச் சொல்வதுதான் ரோட்டரி என்கோடர். மவுஸ் சக்கரத்துக்குள் இருப்பதும் இதுதான்.

திசை தெரிவது எப்படி?

உள்ளே இரண்டு ஸ்விட்ச்கள். ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி இயங்கும். வலப்பக்கம் திருகினால் 00, 01, 11, 10 என்று வரும். இடப்பக்கம் என்றால் இதே வரிசை தலைகீழ். ஒரு நேரத்தில் ஓர் இலக்கம் மட்டுமே மாறும். இதன் பெயர் கிரே கோடு. பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது.

முந்தைய நிலையையும் இப்போதைய நிலையையும் சேர்த்தால் 16 வாய்ப்புகள். 4 வலம், 4 இடம், 4 அசையவில்லை. மீதி 4-ல் இரண்டு இலக்கங்களுமே மாறியிருக்கும். அப்படியென்றால், இடையில் எதையோ தவறவிட்டாகிவிட்டது.

தலைகீழாவது ஏன்?

மைக்ரோகன்ட்ரோலர் வேறு வேலையில் இருக்கும்போது குமிழ் மூன்று படி முன்னே போனால், 00-க்குப் பிறகு அது பார்ப்பது 10-ஐ. 'ஒரு படி பின்னால்' என்று கணக்குப் போட்டுவிடும்!

சிப்பா... புரோகிராமா?

கையால் திருகும் குமிழை விநாடிக்கு 1,000 முறை பார்த்தாலே பெரும்பாலும் போதும். மோட்டார் கதை வேறு. சுற்றுக்கு 4,000 மாற்றங்கள் தரும் என்கோடர், நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் விநாடிக்கு 2,00,000 மாற்றங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ ஊனோவுக்கு ஒரு மாற்றத்துக்குக் கிடைப்பது வெறும் 80 துடிப்புகள்.

இங்கேதான் லாஜிக் சிப்கள் கைகொடுக்கின்றன. ஒரு ஸ்விட்ச் மாறும் கணத்தில் மற்றது எந்த நிலையில் இருக்கிறது என்பதை 7474 பிடித்துவைத்துத் திசையைச் சொல்லும். 74191 அதற்கேற்பக் கூட்டும், கழிக்கும். மைக்ரோகன்ட்ரோலர் நிதானமாக வந்து எண்ணிக்கையைப் படித்துக்கொள்ளலாம். ஸ்விட்ச் துள்ளினால் எண்ணிக்கை பிசகும். அதனால், முன்னால் ஒரு ரெசிஸ்டர், கெபாசிட்டர், 7414 சிப் வைப்பது நல்லது.

இந்த எண்ணும் வேலையைச் செய்யும் தனிச் சுற்று, எஸ்.டி.எம்32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களில் உள்ளேயே வருகிறது. புராஜெக்ட் செய்பவர்கள் பாகம் வாங்கும் முன் ஒரு பெருக்கல் போடுங்கள்: சுற்றுக்கு எத்தனை மாற்றம், விநாடிக்கு எத்தனை சுற்று? எந்த வழி என்பதை அந்த விடையே சொல்லிவிடும்.