நிகழ்ச்சிகளின் வாயிலாக முடிவெடுக்கக் கற்றல்

வாணிகத்தைக் கற்பிக்க முடியுமா? கணக்கெழுதும் முறையைக் கற்பிக்கலாம். வட்டி கணக்கிடும் வகையைக் கற்பிக்கலாம். ஆனால், செய்திகள் அரைகுறையாகவும் நேரம் குறுகியும் இருக்கும்போது, ஒன்றைச் செய்வதா விடுவதா என்று துணியும் ஆற்றலை எங்ஙனம் கற்பிப்பது? இக்கேள்விக்குக் கல்வியாளர் கண்ட விடைகளுள் ஒன்று நிகழ்ச்சி ஆய்வு முறை.

இம்முறை சட்டக் கல்வியிலிருந்து வந்தது. 1870-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரான லாங்டெல், விதிகளை ஒப்புவிக்கச் செய்வதை விடுத்து, நீதிமன்றத் தீர்ப்புகளையே மாணவர்முன் வைத்தார். அப்பல்கலைக்கழகத்தில் 1908-இல் வாணிகப் பள்ளி தோன்றியது. 1919-இல் அதன் தலைவராகிய வாலஸ் டோனம் சட்டம் பயின்றவர். அவரே இம்முறையை வாணிகக் கல்வியின் நடுவில் நிறுத்தினார். 1961-இல் அகமதாபாத்தில் நிறுவப்பெற்ற இந்திய மேலாண்மைக் கழகமும் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு இதனை மேற்கொண்டது.

தீர்ப்பு என்பது முடிந்துபோன வழக்கு. வாணிக நிகழ்ச்சியோ முடிவெடுக்க வேண்டிய இடத்திலேயே நின்றுவிடும். அதற்கு மேல் எழுத வேண்டியவர் மாணவரே. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

'கார்ட்டர் ரேசிங்' என்பது 1986-இல் பிரிட்டன், சிட்கின் என்னும் இரு பேராசிரியர்கள் எழுதிய நிகழ்ச்சி. கார்ப் பந்தயக் குழு ஒன்று அன்று ஓடுவதா விலகுவதா என்று உடனே முடிவு செய்தாக வேண்டும். நன்றாக ஓடினால் பெரிய நிறுவனமொன்றின் ஆதரவு கிட்டும், எஞ்சின் பழுதானால் அது கைநழுவும், விலகினாலும் இழப்புண்டு. முன்னர் ஓடிய 24 பந்தயங்களில் 7-இல் கேஸ்கெட் பழுதாகி எஞ்சின் கெட்டிருக்கிறது. குளிர்தான் காரணமோ என்று ஒரு மெக்கானிக் ஐயுறுகிறார். அன்றோ கடுங்குளிர். பழுது நேர்ந்த அந்த ஏழு பந்தயங்களின் வெப்பநிலை ஒரு படத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த நாளிலும் பழுது உண்டு. வெதுவெதுப்பான நாளிலும் உண்டு. ஆகவே குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை என்று கருதி, 'ஓடலாம்' என்றே மாணவர் பலர் முடிவு செய்கின்றனர்.

பழுதே நேராத 17 பந்தயங்களின் வெப்பநிலை என்ன? கேட்டால் ஆசிரியர் அதனைத் தருவார். கேட்பவர்தாம் அரியர். அவற்றையும் சேர்த்துப் பார்த்தால் படமே மாறிவிடுகிறது. பாரன்ஹீட் 65 பாகைக்கு மேல் ஓடிய 20 பந்தயங்களில் பழுதானவை மூன்றே. அதற்குக் கீழ் ஓடிய நான்கிலும் பழுது!

இறுதியில் ஆசிரியர் உண்மையை வெளியிடுகிறார். இவை பந்தயக் கார்களின் எண்களே அல்ல; 'சேலஞ்சர்' விபத்துக்கு முந்தைய விண்வெளி ஓடப் பயணங்களிலிருந்து எடுத்தவை. கேஸ்கெட்டின் இடத்தில் அங்கிருந்தது ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம். 1986 ஜனவரி 27-ஆம் நாள் இரவு, குளிரில் அவ்வளையம் சரிவரப் பொருந்தாது என்று பொறியாளர்கள் எச்சரித்தனர். மேலாளர்கள் அதனை ஏற்கவில்லை. மறுநாள் காலை புறப்பட்ட ஓடம் 73 விநாடிகளில் சிதைந்தது. எழுவர் மாண்டனர். பின்னர் விசாரணை செய்த ரோஜர்ஸ் குழு, பழுதில்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்க்கத் தவறியதைத் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

கைக்கு வந்த செய்தியைத் திறம்பட ஆராய்வது மட்டும் போதாது; கைக்கு வராத செய்தி எது என்று கேட்கவும் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம். மழை நாளில் பஸ் தாமதமாக வருகிறது என்று ஒருவர் சொன்னால், தாமதமான நாட்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. மழையிலும் நேரத்தில் வந்த நாட்கள் எத்தனை, வெயிலிலும் தாமதமான நாட்கள் எத்தனை என்று எண்ணிய பின்னரே அவர் சொல் மெய்யா பொய்யா என்பது விளங்கும்.

இம்முறைக்கும் குறையுண்டு. எந்தச் செய்தியைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை நிகழ்ச்சியை எழுதியவரே முன்னதாகத் தீர்மானித்திருப்பார். வகுப்பில் தவறாக முடிவு செய்தவர் எதையும் இழப்பதில்லை, உலகில் அவ்வாறன்று. எனினும், தவறுக்கு விலை கொடுக்க வேண்டாத இடத்தில் தவறிப் பார்ப்பது பெரும் பேறன்றோ?

ஆகவே மாணவர்களே, ஒரு நிகழ்ச்சியைப் படிக்கும்போது விடையைத் தேடி விரையாதீர்கள். முடிவெடுக்க வேண்டியவர் யார், எதற்குள் எடுக்க வேண்டும், தெரிந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதுங்கள். அதன்பின், இத்தாளில் இல்லாதது எது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பிற்குச் செல்லுங்கள். முதற் கேள்வியாக அதனையே கேளுங்கள்.