ரொட்டிக்குள் ஒரு உலகம்! அக்கரப்பத்தனைச் சமையற்கட்டு பற்றி இதெல்லாம் தெரியுமா?

இலங்கை மலைநாட்டு அக்கரப்பத்தனை என்றதும் எல்லோருக்கும் தேயிலை மலைதான் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை அந்த டவுன் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள்! அன்று தோட்டத்தில் பெரட்டு இல்லை, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடுவதில்லை. ஹோல்புறூக் பக்கமிருந்தும் டயகம பக்கமிருந்தும் வரும் பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கும். கடைகளுக்கு முன்னால் கால் வைக்க இடம் கிடைக்காது. அந்தக் கடைப் பைகளுக்குள் போகும் மாவும் பருப்பும் கருவாடும் எங்கெங்கோ சுற்றி இந்த மலைக்கு ஏறி வந்தவை. எங்கிருந்தெல்லாம் என்கிறீர்களா?

ரொட்டியில் மலைச் சாமான் ஒன்றுமே இல்லை, தெரியுமா?

தோட்டத்து ரொட்டிக்கு மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர் போதும். இதில் தண்ணீரைத் தவிர ஒன்றுகூட இந்த மலையில் கிடைக்காது! கோதுமையை இலங்கையில் யாரும் வியாபாரத்துக்குப் பயிரிடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, திருகோணமலைத் துறைமுகத்து பிரிமா ஆலை போன்ற இடங்களில் மாவாகிறது. இந்தக் குளிரில் தென்னை காய்க்காது. தேங்காய் குருநாகல், புத்தளம் பக்கமிருந்து லொறியேறி வரவேண்டும். உப்போ கடற்கரை உப்பளத்திலிருந்து வருகிறது.

ஆனால் சேர்க்கிற கை மலையின் கை! மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டு முதலில் உலர்ந்தபடியே பிசறி, பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிறார்கள். உள்ளங்கையால் கனமாகத் தட்டிக் கல்லில் போட்டால், தேங்காயின் எண்ணெய் கசிந்து ஓரம் முறுகும், நடு மெத்தென்று இருக்கும். விடியற்காலையில் சுட்டுத் துணியில் சுற்றினால் பகலில் மலையிலேயே சாப்பிடலாம். ஆறிய சோறு குளிரில் விறைத்துப்போகும், ரொட்டி தாக்குப்பிடிக்கும்!

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலில் மெக்சிகோவும் மாலைதீவும் இருக்கின்றன, தெரியுமா?

செத்தல் மிளகாயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து மெக்சிகோ பக்கம்! 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் காலத்தில்தான் நம் பக்கம் வந்தது. அதுவரை காரத்துக்கு மிளகுதான். கூடவே இடிக்கிற மாசி, அவித்துப் புகையூட்டி வெயிலில் கட்டையாகக் காயவைத்த சூரை மீன். 1343இல் மாலைதீவுக்குப் போன இப்னு பதூதாவே அந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதியாவதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கடலையே காணாத மலை உச்சியில், ஒரு தேசிக்காய்ப் புளியோடு, அத்தனை கடல்களும் ஒரே அம்மியில்!

இங்கே தேங்காய் எண்ணெயை ஊற்ற முடியாது, தெரியுமா?

ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். அக்கரப்பத்தனைக் காலை நேரக் குளிர் அதற்கும் எவ்வளவோ கீழே. போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது! அதனால் போத்தலுக்கு அடுப்பு மேட்டில் நிரந்தர இடம். புதிதாய்க் கட்டிக்கொண்டு வந்த கொழும்புப் பெண் எண்ணெய் கெட்டுவிட்டதென்று பதறினால், மாமியார் சிரிக்கத்தான் செய்வார்.

பருப்பு அவிய ஏன் நேரமாகிறது, தெரியுமா?

விறகைக் குறை சொல்லாதீர்கள்! உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் 95 பாகையிலேயே கொதி வந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. கொழும்பில் 100 பாகையில் அவிகிற பருப்பு, இங்கே ஐந்து பாகை குறைவில் அவியவேண்டும். பிரஷர் குக்கர் வந்தபிறகு மலைநாட்டுப் பெண்கள் அதை ஏன் கொண்டாடினார்கள் என்று இப்போது புரிகிறதா?

அரிசிக் கணக்கு சம்பளத்திலேயே கழிந்த காலம் தெரியுமா?

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அரிசியைத் தோட்டமே கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலும் இந்தியாவிலும் விளைந்தது. 1973, 74இல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு மாவும் அரிசியும் கிடைக்காமல் போனபோது, தோட்டங்களில் பட்டினிச் சாவே நடந்தது. கிழவர்கள் அதை இன்னும் சொல்லுவார்கள். கடைக்குப் போய் விரும்பியதை விரும்பிய அளவில் வாங்குவது இங்கே ஏன் இத்தனை பெரிய சந்தோஷம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இன்று கடையில் கேட்பது இப்படி:

"மொதலாளி, மா ரெண்டு கிலோ, பருப்பு கால் கிலோ, நெத்தலி நூறு கிராம் போடுங்க. கொப்பியில எழுதிக்கங்க."

"எழுதுறேங்கா. போன மாசத்துப் பாக்கி?"

"பத்தாந் தேதி சம்பளம் வந்ததும் வந்துருவேன்!"

நெத்தலியைக் கையில் அள்ளி, முறித்து மோந்து பார்த்து, ஈரமிருந்தால் திருப்பிக் கொட்டச் சொல்லுகிற உரிமை மட்டும் கடனுக்கு வாங்குகிறவருக்கும் உண்டு!

கரட்டுக்கும் நைல் நதிக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

நுவரெலியாவில் ஐரோப்பிய மரக்கறிப் பயிர்ச்செய்கைக்கு வழிகாட்டியவர் என்று சொல்லப்படுகிறவர் சாமுவேல் பேக்கர். 1848இல் கலப்பை, மாடு, வேட்டைநாய், ஒரு கொல்லர் சகிதம் வந்து பண்ணை போட்டார். அதே மனிதர்தான் 1864இல் ஆபிரிக்காவில் நைலின் மூலம் தேடிப் போய் அல்பர்ட் ஏரியைக் கண்டவர்! லீக்ஸ், கரட், கோவா எல்லாம் இன்று லயத்துக்கு முன்னாலுள்ள துண்டு நிலத்திலேயே நிற்கின்றன. கடைக்குப் போகாமலே கிடைக்கிற சாமான் இதுதான். காலையில் பிடுங்கிய லீக்ஸை வெட்டி, உருளைக்கிழங்கோடு பிரட்டி எடுத்தால் அந்த இனிப்பு வேறு எங்கும் வராது.

நியூசிலாந்து பக்கத்திலேயே இருக்கிறது, தெரியுமா?

மலைக்கு அந்தப் பக்கம் அம்பேவெலவில் பசுக்கள் மேயும் பண்ணைக்கு "நியூசிலாந்துப் பண்ணை" என்றே பேர். ஆனால் இலங்கைக் கடைத்தட்டுகளில் அடுக்கியிருக்கும் பால்மாவில் பெரும்பகுதி நிஜ நியூசிலாந்திலிருந்து, பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிறது!

தேத்தண்ணியைக் கொதிக்க வைப்பதும் தேயிலைதான், தெரியுமா?

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிய மிலாறு, அதாவது அந்தக் கிளைகள், காய்ந்ததும் அடுப்புக்கு வந்துவிடும். தேயிலை விறகில் தேயிலைச் சாயம்! இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு வருஷத்தின் முதல் மூன்று மாதங்கள்தான் உச்சம். காய்ந்த காற்றும் இரவுக் குளிரும் சேர்ந்து வாசத்தைக் கூட்டும். நல்ல ரகமெல்லாம் 1883இலிருந்து நடக்கும் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். வீட்டுக்கு மிஞ்சுவது தூள். ஆனால் அந்தத் தூளில் கறுப்பாய்ச் சாயம் இறக்கி, ஒரு கடி கித்துள் கருப்பட்டியோடு குடித்துப் பாருங்கள். ஏலத்தில் என்ன விலை போனாலும் நமக்கென்ன என்று சொல்லிவிடுவீர்கள்!