பக்கா பில்

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் கடல் கிடையாது. மேற்கே மோட்டாகாவ் பக்கம் உல்லாஸ் ஆற்றுக் கழிமுகத்தோடு சரி. இருந்தாலும் தூத்துக்குடியில் என் மைத்துனன் படகுக்கு பெல்ட் வேண்டுமென்றால் போன் இங்கேதான் வரும். எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தவன் நான். மும்பை நாக்தேவி தெருவில் தேடினால் கிடைக்காத சாமான் இல்லை என்பது அவன் எண்ணம். பென்னர் பெல்ட் தயாராகும் மதுரை உனக்குப் பக்கம்தானே என்றால், "பம்பாய்ல சல்லிசு அத்தான்" என்பான்.

கடையில் கேட்டார்கள்: பக்கா பில்லா, கச்சாவா? பக்கா என்றால் ஜி.எஸ்.டி. சேரும். கச்சாவே போதும் என்றேன். துண்டுச் சீட்டில் விலையைக் கிறுக்கித் தந்தார்கள். உறையில் பேர்பெற்ற கம்பெனியின் பெயர். எட்டாம் நாள், கடலில், உள்நூல் பிரிந்து அறுந்தது. அந்த ஒரு பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுழற்றுவது. பம்ப் நின்றால் எஞ்சினுக்குக் குளிர்ச்சி ஏது? அணைப்பதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. சீட்டோடு கடைக்குப் போனேன். இது எங்கள் சரக்கு என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். சீட்டில் கடைப் பெயரே இல்லை.

ஃபிட்டராக இருந்தும் இப்படி ஏமாந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பெல்ட்டைக் காட்டி "இதே மாதிரி" என்று வாங்காதீர்கள். ஓடிய பெல்ட் தேய்ந்தும் நீண்டும் இருக்கும். முதுகில் அச்சிட்ட எண்தான் கணக்கு. 'பி 52' என்றால் மேல் அகலம் 17 மில்லிமீட்டர், கனம் 11, உட்சுற்று 52 அங்குலம். 'ஏ' என்றால் 13-க்கு 8. வண்டி எஞ்சின் ஃபேன் பெல்ட்டில் ஏவி 10, ஏவி 13 என்று வரும், நீளம் மில்லிமீட்டரில். மாட்டினால் பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். வி பெல்ட்டுக்குப் பிடிமானம் பக்கச் சுவர்தான், அடி அல்ல. பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் அங்கே உரசுகிறது என்று பொருள். புல்லியே தேய்ந்திருந்தால் எத்தனை புது பெல்ட் போட்டும் வீண். ஜோடியாக ஓடுவதில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாரமெல்லாம் புதியதின் தலையில்.

இறுக்கம்: இரண்டு புல்லிக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் என்றால், நடுவில் மிதமாக அழுத்தும்போது 5 மில்லிமீட்டர் போல அமிழட்டும். அதற்கு மேல் முறுக்கினால் பம்ப் பேரிங் போகும். புது பெல்ட் ஒரு நாள் ஓடியதும் கொஞ்சம் இளகும், மறுபடி பாருங்கள். உபரி பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாமல், வெயிலும் டீசலும் படாத இடத்தில் வையுங்கள். பெல்ட் கீச்சிட்டால் சிலர் சோப்புத் தேய்ப்பார்கள், சிலர் படகில் கிடக்கும் குங்கிலியத்தைப் பொடித்துத் தூவுவார்கள். சத்தம் அடங்கும், கோளாறு அடங்காது. நாளைக்கு வழக்கென்று வந்தால், 'தவறாகப் பயன்படுத்தினார்' என்று கம்பெனி தப்பிக்கவும் அந்தப் பொடியே வழி.

இதில் எதையும் ஓடும் எஞ்சினில் செய்யக் கூடாது. ஓடும் இயந்திரத்தில் பெல்ட் மாட்டப் போகிறவர் பயிற்சி பெற்றவராகவும் இறுக்கமான உடை உடுத்தியவராகவும் இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. படகிலோ கைலியும் கழுத்துத் துண்டும். இடைஞ்சலென்று கழற்றிப் போட்ட கம்பிவலைத் தடுப்பைத் திரும்ப மாட்டுங்கள். விரலோ கையோ போய் நிரந்தரப் பகுதி ஊனமானால், பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்து மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் 2.5 லட்சம் ரூபாய் உண்டு. உயிர் போனால் 5 லட்சம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பெயர் சேர்ந்திருக்கிறதா என்று மீன்துறை அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

இனி அந்தக் கச்சா சீட்டு. பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் ஆவானா என்று கேட்பார்கள். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய மகாராஷ்டிரச் சிறுதொழில் நிறுவனம் ஒன்று 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இந்தக் கேள்வியில்தான். ஆனால் அதே தீர்ப்பு, பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் அது மாறாது என்றும் சொன்னது. தன் படகைத் தானே ஓட்டுகிறவருக்கு இது பெரிய பிடிமானம். ஆள் வைத்துப் பல படகு நடத்தும் முதலாளிக்கு அல்ல.

அறுந்த பெல்ட், உறை, பில், மெக்கானிக் எழுதித் தந்த சீட்டு நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். சரிவராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. வாங்கியது மும்பையானாலும், குடியிருக்கும் தூத்துக்குடியிலேயே மனுப் போடலாம். பழுதான பொருளால் எஞ்சின் கெட்டதற்கு இழப்பீடு கேட்கலாம். இழந்த மீன்பாட்டை அதே சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயம் வணிக நஷ்டமென்று ஒதுக்கிவிட்டது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மைத்துனன் மறுபடி கூப்பிட்டான். இரண்டு செட் வாங்கினேன், பக்கா பில், அவன் பெயரில். அந்த வழவழத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் ஜெராக்ஸ் எடுத்துப் பார்சலில் வைத்தேன். அசல் டோம்பிவிலியில் என் பீரோவில் இருக்கிறது. அவனிடம் கொடுத்தால் கருவாடு மடித்துவிடுவான்.