தொடுதலும் பழகுதலும்

ஆங்கிலம் பேசுவோர் விடைபெறும் வேளையில் கூறும் தொடர் ஒன்றுண்டு: 'கீப் இன் டச்'. 'டச்' என்றால் தொடுதல். ஆயினும், கைக்கு எட்டாத தொலைவுக்குப் பிரிந்து செல்வோரிடந்தான் இத்தொடர் பெரிதும் வழங்குகிறது. கடிதத்தாலும் தொலைபேசியாலும் உறவு அறாமற் காத்துவருக என்பதே இதன் கருத்து.

இதன் இனத்தொடர்களையும் அறிதல் நலம். ஒருவரோடு தொடர்பு கொள்வது 'கெட் இன் டச்'. அத்தொடர்பு காலப்போக்கில் நழுவிவிடுவது 'லூஸ் டச்'. 'உன்' என்னும் பொருள்படும் சிறு சொல்லொன்றை இடையிற் செருகி 'லூஸ் யுவர் டச்' என்றாலோ பொருள் வேறாகிவிடும். கைவந்த திறமை கைவிட்டுப் போதலை அது குறிக்கும். நெடுநாள் வீணையைத் தொடாதவருக்கு விரல் தடுமாறுவது இவ்வகை.

ஆங்கிலம் இவ்வாறு பிரித்துரைக்கும் இரண்டையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. 'பழக்கம் விட்டுப்போயிற்று' என்று உறவினரைப் பற்றியும் சொல்கிறோம்; பாட்டைப் பற்றியும் சொல்கிறோம். பழகினால் உறவு வளரும். பழகினால் கலையும் வளரும். 'வரப்போக இருங்கள்' என்று பெரியோர் விடைகொடுப்பதும் இக்கருத்துப் பற்றியே. போக்குவரத்து நின்ற வீடென்றால் உறவு முறிந்த வீடு என்றன்றோ நாம் கொள்கிறோம்?

தாயகம் விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கண ஆராய்ச்சியன்று. 1950-ல் இன்லண்டு கடிதம் வந்தது. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிய எஸ்.டி.டி. பின்னர் நாடெங்கும் பரவியது. 1995-ல் கைப்பேசி வந்தது. 2013-ல் தந்தி விடைபெற்றது. இன்று ஊரிலுள்ள பாட்டியின் முகத்தைப் பேரன் திரையிலேயே காண்கிறான். ஆயினும், 'சாப்பிட்டாயா?' என்ற கேள்விக்கு 'சாப்பிட்டேன்' என்ற விடையோடு பேச்சு நின்றுவிடும் இல்லங்கள் எத்தனை! அன்பு குறைந்ததன்று காரணம். நாவுக்குத் தமிழ்ப் பழக்கம் குறைந்ததே காரணம். மொழிப் பழக்கம் நழுவினால், அதன் பின்னே உறவின் பழக்கமும் மெல்ல நழுவுகிறது.

கருவி எத்துணை விரைவாயினும் சொல்லை அது தராது. சொல்லை நாமே தரல் வேண்டும். வாரம் ஒருமுறை பத்து வரியேனும் தமிழில் எழுதித் தாத்தா பாட்டிக்கு அனுப்பும்படி நம் குழந்தைகளைப் பழக்குவோம். பிழை மலிந்திருப்பினும் கவலை வேண்டா. திருத்தி விடையெழுதும் இன்பத்தை ஊரிலுள்ள பெரியவர்கள் பெறட்டும்!