புருவ லேமினேஷன்: நாற்காலியில் உட்காரும் முன்

தேக்காவில் புருவம் திருத்திக்கொள்ள ஒரு நூல் போதும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் என் பல்கலைக்கழகத் தோழிகள் பலர் இப்போது 'ஐப்ரோ லேமினேஷன்' பக்கம் திரும்பியிருக்கிறார்கள். புருவ முடிகளை மேல்நோக்கிச் சீவி, ஒரே சீராகப் படிய வைக்கும் முறை இது. இடைவெளிகள் மறைவதால் புருவம் அடர்த்தியாகத் தெரியும்.

பெயரைக் கேட்டதும் ஆவணங்களுக்குப் போடும் பிளாஸ்டிக் உறைதான் நினைவுக்கு வரும். உண்மையில் இது முடியைச் சுருட்டும் 'பெர்மிங்' முறையின் உறவு. முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்கு உறுதி தருபவை டைசல்ஃபைடு பிணைப்புகள். முதல் கரைசலில் உள்ள தயோகிளைகோலிக் அமிலம் போன்ற வேதிப்பொருள், அந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதியை உடைக்கிறது. முடி இளகியதும் வேண்டிய திசையில் சீவுகிறார்கள். பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாவது கரைசல், புதிய வடிவத்திலேயே பிணைப்புகளை மீண்டும் உண்டாக்குகிறது. பலன் ஏறக்குறைய 6 முதல் 8 வாரங்கள் நீடிக்கும்.

ஆகவே இதை வெறும் அலங்காரமாக நினைக்காமல், கண்ணுக்கு மிக அருகில் நடக்கும் ஒரு வேதிவினையாகவே பார்க்கிறேன். கரைசல் அதிக நேரம் இருந்தால் முடி வறண்டு உடையும், தோல் எரியும்.

அழகு நிலையத்தில் முதலில் கேட்க வேண்டியது, "பேட்ச் டெஸ்ட் செய்வீர்களா?" என்பதே. 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறத்தில் சிறிதளவு தடவிப் பார்க்கும் சோதனை அது. சாயமும் போடுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். சில சாயங்களில் உள்ள பிபிடி என்ற பொருளுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், அது வாழ்நாள் முழுவதும் தொடரலாம்.

ரெட்டினால் கிரீம் பூசுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தோல் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்துகொள்ளக் கூடாது. அந்த மருந்து தோலை எளிதில் புண்படும்படி ஆக்கிவிடும்.

செய்த பிறகு, முதல் 24 மணி நேரம் புருவத்தில் தண்ணீர், நீராவி, எண்ணெய், ஒப்பனை எதுவும் படக்கூடாது. நம் ஊர் வெயிலில் வியர்வையைத் தவிர்ப்பதுதான் கடினம். உடற்பயிற்சி, நீச்சல் இரண்டையும் தள்ளிப்போடுங்கள். மறுநாளிலிருந்து தினமும் மெல்லச் சீவி, இரவில் துளி விளக்கெண்ணெய் தடவினால் வறட்சி குறையும். சிவப்பும் வீக்கமும் தணியாவிட்டாலோ, கரைசல் கண்ணில் பட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பணத்தை மிச்சப்படுத்த இணையத்தில் பெட்டி வாங்கி வீட்டிலேயே செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் விற்கப்படும் அழகுப் பொருள்களை விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் தெரியப்படுத்த வேண்டும். வெளிநாட்டு இணையத்தளத்திலிருந்து நேராக நம் வாசலுக்கு வரும் பெட்டி அந்த வழியாக வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய வேலையைக் கண்ணாடி பார்த்துத் தானே செய்வது எப்படி?

தீபாவளிக்காகத் திட்டமிடுபவர்களுக்கு இன்னொன்று: முந்தைய நாள் வேண்டாம். விடிந்ததும் எண்ணெய்க் குளியல் காத்திருக்கிறது. இரண்டு வாரம் முன்பே செய்துகொண்டால், சிவந்தாலும் தணிய நேரம் இருக்கும். சோதனைக்கு நேரமில்லை என்று சொல்லும் நிலையத்தைவிட்டு எழுந்து வரவும் நமக்கு நேரம் இருக்கும்.