ஒரே லென்ஸுடன் களத்திற்குச் செல்வது

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தபொழுது, திருச்சானூரில் கரையோர வீடொன்று அடிமண் அரிப்புண்டு ஆற்றில் சாய்ந்தது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கும் ஆறு அது. இத்தகைய வெள்ளம் வடிந்தபின், நீர் நின்ற மட்டத்தைக் காட்டும் சேற்றுக்கோடு சுவர்களில் சில நாட்களே தங்கும். அடுத்த மழையோ, வீட்டுக்காரர் பூசும் சுண்ணாம்போ அதனை அழித்துவிடும். ஆகவே அதனைப் படமெடுக்கச் செல்லும் களஊழியருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிட்டுவது அரிது. கோட்டை மட்டும் அணுகி எடுத்தால், அது எந்தத் தெரு, எந்தச் சுவர், ஆறு எந்தப் பக்கம் என்பனவற்றுள் ஒன்றும் படத்தில் இராது. தெருவின் கோடியில் நின்று எடுத்தாலோ கோடு புலப்படாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுத்து, அதனை மாற்றாமல் வைத்துக்கொள்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தூரமானிக் காமிராவில் பொருளை லென்ஸின் வழியே நாம் பார்ப்பதில்லை. காமிராவின் நெற்றியில் சற்று இடைவெளி விட்டு அமைந்த இரண்டு சாளரங்களின் வழியே வரும் இரு உருவங்கள், லென்ஸைத் திருப்புகையில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. பொருந்திய நிலையே குவிந்த நிலை. உள்ளே கண்ணாடி எழும்பி விழும் அமைப்பு இல்லாமையால் கருவி சிறிது, ஓசை குறைவு. இவ்வகைக் காமிராக்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன எனினும் அவற்றின் விலை நம்மிற் பலருக்கு எட்டாதது. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட பழைய காமிராக்களே பல அலுவலகங்களிலும் பள்ளி அலமாரிகளிலும் உள்ளன. செம்மையாகப் பேணினால் அவை இன்னமும் வேலை செய்யும். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ பிலிம் வருவது நின்று பல ஆண்டுகளாயின. இன்று கிடைப்பது இறக்குமதியான பிலிம். 36 படங்களுள் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு.

லென்ஸை வாங்குமுன் அதன் பார்வையை அறிந்துகொள்ள ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். பிலிம் சட்டத்தின் அளவு 36 மி.மீ. × 24 மி.மீ. ஆகும். இதனை ஐந்து மடங்காக்கி, ஓர் அட்டையில் 18 செ.மீ. × 12 செ.மீ. அளவுள்ள துளை வெட்டுக. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை மறு கண்ணிலிருந்து 17.5 செ.மீ. தொலைவில் பிடித்தால் துளையினூடே தெரிவது 35 மி.மீ. லென்ஸின் காட்சி. 25 செ.மீ. தொலைவில் பிடித்தால் 50 மி.மீ. லென்ஸின் காட்சி. 14 செ.மீ. எனில் 28 மி.மீ.; 45 செ.மீ. எனில் 90 மி.மீ. அட்டையுடன் பள்ளியைச் சுற்றி ஒருமுறை நடந்தால், விற்பனையாளரின் பேச்சைக் காட்டிலும் அதிகம் விளங்கும். கிடைமட்டத்தில் இவற்றின் பார்வைக் கோணம் 28-க்கு ஏறத்தாழ 65 பாகை, 35-க்கு 54, 50-க்கு 40, 90-க்கு 23 பாகையாகும்.

இதிலிருந்து ஒரு கணக்கும் பிறக்கிறது. படத்தில் அடக்க வேண்டிய அகலத்தைக் குவியதூரத்தால் பெருக்கி 36-ஆல் வகுத்தால், எவ்வளவு பின்னே நிற்கவேண்டும் என்பது கிடைக்கும். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையோரம், தொன்மையான கருங்கற்பாறையின்மீது அதற்கு வெகுகாலம் பிற்பட்ட படிவுப்பாறை அமர்ந்திருக்கும் இடைமுறிவு புலப்படுகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. பாதை வெட்டிலே நமக்கு 7 மீட்டருக்கு மேல் பின்வாங்க இடமில்லை என்று கொள்வோம். 35 மி.மீ. லென்ஸ் பாறையில் 7.2 மீட்டர் அகலத்தை அடக்கும்; 50 மி.மீ. லென்ஸ் சுமார் 5 மீட்டரையே அடக்கும். பாறையடுக்குகளின் சாய்வையும் அவை முறியும் எல்லையையும் ஒருங்கே காட்ட இந்த இரண்டு மீட்டர் வேறுபாடு போதுமானது. பின்னே பள்ளமோ சுவரோ இருக்கையில், காலால் நடந்து லென்ஸின் குறையை ஈடுசெய்யலாம் என்னும் அறிவுரை பயன்படாது.

மலைமேலுள்ள சிலாதோரணத்தின் நிலை வேறு. அவ்வியற்கை வளைவு ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்டது. 20 மீட்டர் தொலைவில் நின்றால் 50 மி.மீ. லென்ஸ் அதனைப் பிலிமில் 20 மி.மீ. அகலமாகவும், 35 மி.மீ. லென்ஸ் 14 மி.மீ. அகலமாகவும் பதிக்கும். இங்கு வெற்றி 50-க்கே.

50 மி.மீ. லென்ஸுக்குப் பெருமைமிக்க மரபு உண்டு. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் உருவாக்கி 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவில் கழற்ற இயலாதபடி பொருத்தப்பெற்றிருந்தது 50 மி.மீ. லென்ஸே. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரேசோன் வாழ்நாளின் பெரும்பகுதியையும் அதனைக் கொண்டே கடந்தார். 1948 ஜனவரி 30 அன்று, கொலையுறுவதற்குச் சிறிது முன்னர் காந்தியடிகளை அவர் சந்தித்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களின்போது திருவண்ணாமலையில் இருந்து படங்கள் எடுத்தார். எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டுவதை அவர் விரும்பியதில்லை. எனினும் அவர் எதனை எடுப்பது, எங்கு நிற்பது, எதனை விடுவது என்பனவற்றைத் தாமே முடிவுசெய்யும் உரிமை பெற்றிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. வெள்ளக்கோட்டைப் பதிவுசெய்யப் பணிக்கப்பட்டவருக்கு அவ்வுரிமை இல்லை. கோடு எச்சுவரில் உள்ளதோ அச்சுவரைத்தான் அவர் எடுத்தாக வேண்டும்.

ஆங்கில நூல்கள் 50 மி.மீ. லென்ஸை ‘நார்மல் லென்ஸ்’ என்று வழங்குகின்றன. தமிழில் ‘இயல்பு லென்ஸ்’ என்று பெயர்த்தெழுதுவது எளிது. எவருக்கு இயல்பு என்னும் வினா பெயர்ப்பவர் தலையில் விழுகிறது. சட்டத்தின் மூலைவிட்டத்துக்குச் சமமான குவியதூரமே இயல்பு என்பது வழக்கமான விதி. அம்மூலைவிட்டம் 43.3 மி.மீ. ஆகும், 50 அன்று. பொதுமக்கள் அனைவருக்கும் ஒரே லென்ஸை நிலையாகப் பொருத்தித் தரவேண்டியிருந்த ஜப்பானியத் தொழிற்சாலைகள் இதனை நன்கு உணர்ந்திருந்தன எனத் தோன்றுகிறது. 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 காமிராவில் 45 மி.மீ., 1968-இல் வந்த கோனிகா சி35-இல் 38 மி.மீ., பின்னர் வந்த கேனனட் காமிராக்களில் 40 மி.மீ. 1973-இல் வெளிவந்த சிறிய லைக்கா சி.எல். காமிராவுக்கும் 40 மி.மீ. லென்ஸே துணையாக அமைந்தது. பழைய யாஷிகாவோ கேனனட்டோ கையில் உள்ளவர்கள் லென்ஸைப் பற்றிக் கவலையுறத் தேவையில்லை. அவர்களுக்காக வேறொருவர் முன்பே தேர்ந்துவிட்டார், அதுவும் தவறாகத் தேரவில்லை.

லென்ஸை மாற்றக்கூடிய காமிரா உள்ளவர்கள் ஒன்றை மட்டும் வாங்குவதாயின் 35 மி.மீ. வாங்குதல் நலம் என்பது என் கருத்து. 35-இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கினால் 50-இன் காட்சி கிடைத்துவிடும். நீளத்தில் பத்தில் ஏழு பங்கு, பரப்பில் ஏறத்தாழப் பாதி எஞ்சும். அறிக்கையில் அச்சிடவும் வகுப்பில் காட்டவும் அது போதும். 50-இல் விடுபட்டதை எந்த இருட்டறையாலும் மீட்கவியலாது.

தெளிவின் ஆழத்திலும் 35-க்கே மேன்மை. துவாரத்தை எப்/8-இல் வைத்து 5 மீட்டருக்குக் குவித்துவிட்டால், 35 மி.மீ. லென்ஸில் சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை அனைத்தும் ஓரளவு தெளிவாகவே விழும். 50 மி.மீ. லென்ஸில் அதே துவாரத்துக்கு 10 மீட்டரில் குவிக்க வேண்டும். தெளிவும் 5 மீட்டருக்கு அப்பாலேதான் தொடங்கும். கார்த்திகைப் பிரமோற்சவ நாட்களில் திருச்சானூர் மாடவீதியில் நின்றவர்கள் இவ்வேறுபாட்டின் பொருளை உடனே அறிவர். இரண்டரை மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் இடையில்தான் மனிதர் முகங்கள் உள்ளன. ஒன்பதாம் நாள் பஞ்சமி தீர்த்தத்தின்போது புஷ்கரிணிக்கரையில் கூட்டம் நெருக்கித் தள்ளுகையில், இரு உருவங்களைப் பொருத்திக்கொண்டு நிற்க எவருக்கும் நேரமிராது. கோயிலினுள்ளே காமிராவுக்கு அனுமதி இல்லை என்பதனையும் இங்கு நினைவூட்டுகிறோம்.

தேரையோ கோபுரத்தையோ எடுப்பவர்கள் காமிராவை மேல்நோக்கிச் சாய்ப்பது வழக்கம். சாய்த்தால் சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்குவதுபோல் விழும். நிமிர்த்தியே பிடித்து 12 மீட்டர் உயரமுள்ள ஒன்றை எடுக்க, 35 மி.மீ. லென்ஸுக்கு 20 மீட்டரும் 50 மி.மீ. லென்ஸுக்கு 29 மீட்டரும் பின்வாங்க வேண்டும். அத்துணை நீளம் எல்லாத் தெருக்களிலும் இல்லை.

அப்படியாயின் 28 மி.மீ. இன்னும் நன்றன்றோ என்று கேட்கலாம். பலருடைய கைப்பேசிகளில் முதன்மை லென்ஸ் அதனினும் விரிந்த பார்வையுடையதுதான். ஆனால் ஓரத்தில் நிற்பவர் படத்தில் பருத்துத் தோன்றுவார். முன்புறத்து மணலே பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். தூரமானிக் காமிராவில் வேறொரு தடையும் உண்டு. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்க்குப் பார்வைச் சாளரத்தின் ஓரத்திலுள்ள 28-க்கான கோடுகள் பெரும்பாலும் தென்படா. நாற்பதைக் கடந்த ஆசிரியர்கள் இதனைக் கருதுவது நன்று. 90 மி.மீ. லென்ஸைப் பற்றி நீள எழுதவேண்டியதில்லை. அதன் சட்டம் சாளரத்தின் நடுவே ஒரு சிறு பெட்டியாகத் தெரியும். குவிப்பதில் சிறு பிழையும் பெரிதாகக் காட்டும்.

அருகில் உள்ளவற்றுக்குத் தூரமானிக் காமிரா எந்த லென்ஸுடனும் தக்கதன்று. பெரும்பாலான லென்ஸுகள் 70 செ.மீ. அல்லது 1 மீட்டருக்கு மேல் நெருங்கவிடா. 70 செ.மீ. தொலைவில் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 43 செ.மீ. × 29 செ.மீ. பரப்பையும், 35 மி.மீ. லென்ஸ் 65 செ.மீ. × 43 செ.மீ. பரப்பையும் காட்டும். ஓர் இலையையோ பூச்சியையோ எடுக்க இது பயனற்றது. இவ்வட்டாரத்துக் கோயில்களில் பெரும்பகுதி தமிழிலேயே உள்ள கல்வெட்டுகளை எழுத்தெழுத்தாகப் படிக்கவும் போதாது. அதற்குக் கல்வெட்டாய்வாளர் தாளும் மையும் கொண்டு எடுக்கும் மைப்படியே ஏற்றது. கல் எங்கு, எந்த நிலையில் உள்ளது என்பதைக் காட்டுவதே காமிராவின் வேலை.

ஒரே லென்ஸை மாட்டிக் கழற்றாது வைத்திருப்பதால் ஆற்றுமணல் உள்ளே புகுவதில்லை. ஆயினும் பழைய காமிராக்கள் பலவற்றின் ஷட்டர் கறுப்புத் துணியாலானது. லென்ஸ் சூரியனை நோக்கியபடி தோளில் தொங்கினால், பூதக்கண்ணாடி தாளை எரிப்பதுபோல் அத்துணியில் ஊசித்துளை விழும். பின்னர் ஒவ்வொரு படத்திலும் ஒரு வெண்புள்ளி தோன்றும். ஆகவே மூடியிட்டு வைத்தல் வேண்டும். மூடியிட்டபடியே முழுச்சுருளையும் எடுத்து முடிப்பதும் இக்காமிராவில் எளிது. சாளரத்தில் காட்சி பளிச்சென்று தெரியுமேயன்றி, லென்ஸ் மூடியுள்ளது என்று அது ஒருபோதும் அறிவிக்காது. மூடியை ஒரு நூலால் கழுத்துவாரிற் கட்டித் தொங்கவிட்டால், படமெடுக்கையில் அது தொங்குகிறதா என்று விரல் தானே தேடும்.

லென்ஸை மாற்றாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. களஊழியருக்கு அதுவே தலையாயது எனலாம். குவியதூரம் மாறாதிருக்குமாயின் புகைப்படம் ஓர் அளவைக் கருவியாகிறது. 20 மீட்டர் தொலைவில் நிறுத்திய 4 மீட்டர் மட்டக்கோல், 35 மி.மீ. லென்ஸில் 7 மி.மீ. உயரமாக விழும். ஆற்றங்கரையில் நிலையான ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அதன்மேல் நின்று, அதே திசையில், மழைக்கு முன்னும் பின்னும் ஒரே லென்ஸால் எடுத்த இரு பிலிம்களை ஒப்பிடுவோம். 20 மீட்டர் தொலைவில் பார்வைக்குக் குறுக்காக அமைந்த கரைவிளிம்பு 3.5 மி.மீ. நகர்ந்திருந்தால், 2 மீட்டர் நிலம் ஆற்றோடு போயிற்று என்பது பொருள். ஓராண்டு 50, மறு ஆண்டு 35 என மாற்றியெடுத்த படங்களில் இவ்வொப்பீட்டை நேராகச் செய்யவியலாது. எந்த லென்ஸ் என்று குறித்துவைக்கத் தவறியிருந்தால் ஒப்பீட்டுக்கே வழியில்லை.

லென்ஸின் விளிம்பிற் பொறித்துள்ள எண் வட்டமாக்கப்பட்ட எண் ஆதலால் (50 என்று பொறித்த லென்ஸின் உண்மைக் குவியதூரம் 51 மி.மீ.க்கு மேலிருப்பதும் உண்டு), அளவெடுக்க எண்ணுவோர் அதனை அப்படியே நம்புதல் ஆகாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருநாள், நாடாவால் சரியாக 20 மீட்டர் அளந்து மட்டக்கோலை நிறுத்தி ஒரு படம் எடுக்கவும். பிலிமில் கோலின் உயரத்தை அளந்து, கிடைத்த எண்ணைக் காமிராப் பையின் மூடிக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடலாம்.