வைக்கோல் விற்றவன் வைக்கோல் வாங்கிய கதை

போன மாசியில் எங்கள் வயலில் சம்பா அறுப்பு முடிந்த மறுநாளே வைக்கோல் கட்டுற மிஷின் வந்து வரப்பில் நின்றது. கூடவே வியாபாரி. "அண்ணே, கட்டுக்கூலி என்னோடது. கட்டுக்கு நாப்பது ரூவா தர்றேன். மேகம் இருட்டிக்கிட்டு நிக்குது, யோசிச்சீங்கன்னா நனைஞ்சிரும்" என்றார். மூன்று ஏக்கரில் 120 கட்டு விழுந்தது. இரண்டு பசு, ஒரு கிடேரிக்கு 50 கட்டை நிறுத்திக்கொண்டு 70 கட்டை ஏற்றிவிட்டேன். கையில் 2,800 ரூபாய்.

பங்குனியிலிருந்து ஆனி வரை மேய்ச்சலில் ஒப்பேறியது. ஆவணியில் வைக்கோல் தீர்ந்தது. குறுவை வைக்கோல் வந்துவிடும் என்று தைரியமாக இருந்தேன். குறுவை அறுப்பு நேரம் மழை. வயலிலேயே கிடந்து கறுத்துப் போனது. ஐப்பசியில் அதே அளவுக் கட்டு 190 ரூபாய் என்று 40 கட்டு வாங்கினேன், 7,600 ரூபாய். வண்டிக்கூலி தனி. 70 கட்டு விற்ற காசில் 15 கட்டுகூட வாங்க முடியாத கணக்கு இது. என் மடத்தனம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எங்கள் ஊரில் பாதிப்பேர் இதே மடத்தனத்தைத்தான் செய்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

வைக்கோல் விலை ஏன் இப்படி ஆடுகிறது? வைக்கோல் எடை குறைந்த, இடம் அடைக்கிற பொருள். உதிரியாக ஏற்றினால் லாரி நிறைந்துவிடும், எடை நிற்காது. அதனால் முன்பெல்லாம் ஓர் ஊர் வைக்கோல் மாட்டுவண்டி போகிற தூரத்துக்குள்ளேயே சுற்றியது. விலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அறுப்புக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கட்டுத் தூக்கிப்போவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். மிஷின் வைக்கோலை இறுக்கி உருளையாகக் கட்டியதும் அது ஊர் தாண்டிப் போகும் சரக்காகிவிட்டது. இன்று தஞ்சாவூர், திருவாரூர் வைக்கோல் திண்டுக்கல்லுக்குப் போகிறது, ஈரோடு, நாமக்கல்லுக்குப் போகிறது, கேரளத்துக்கும் போகிறது. அங்கே மழை இல்லையென்றால் இங்கே வைக்கோல் விலை ஏறுகிறது. நம் ஊரில் விளைச்சல் நன்றாக இருந்தாலும் நம் ஊர் மாட்டுக்காரருக்கு அந்த விலைதான்.

அது போகட்டும், விலை ஏறினால் நெல் விவசாயிக்கு லாபம்தானே என்று கேட்கலாம். ஏறுகிறபோது வைக்கோல் அவரிடம் இருப்பதில்லை. இங்கேதான் அறுப்பு மிஷின் வருகிறது. கையறுப்பில் தாள் நீளமாக இருக்கும், அடித்து உலர்த்திப் போர் போட்டால் மழைத்தண்ணீர் மேலாக வழிந்து ஓடிவிடும், உள்ளே ஒரு வருஷம் பொன்னாக இருக்கும். மிஷின் மேலாக அறுத்து, தாளை நசுக்கி, துண்டாக்கி வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. ஈர வயலில் செயின் வண்டி ஓடினால் ஒரு பங்கு சேற்றில் மிதிபட்டுப் போகும். அந்தத் துண்டு வைக்கோலில் போர் நிற்காது. கட்டாகக் கட்டி வெட்டவெளியில் அடுக்கினால் ஒரே மழையில் பூஞ்சணம். ஆகக் கொட்டகை இல்லாதவர் அன்றைக்கே விற்கவேண்டும். எல்லோரும் ஒரே பதினைந்து நாளில் விற்கிறோம், விலை விழுகிறது. கொட்டகையும் லாரியும் வைத்திருப்பவர் ஆறு மாதம் பொறுத்து விற்கிறார். வியாபாரியை நான் குறை சொல்லவில்லை. அவர் சம்பாதிப்பது கொட்டகைக்கான வாடகை, அந்தக் கொட்டகை நம்மிடம் இல்லை என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் உண்டு. 1966-ல் ஐ.ஆர்.8 வந்தபிறகு, நெல் ரகங்களெல்லாம் குட்டையாகிவிட்டன. மணி கூடியது, தாள் குறைந்தது. மாப்பிள்ளைச் சம்பா நெஞ்சு உயரத்துக்கு வளரும். இப்போது போடுகிற குறுகிய கால ரகங்களில் பல இடுப்பைத்தான் தொடும். நெல்லுக்கு மட்டும் கணக்குப் போட்ட ஆட்கள் மாட்டுக்குக் கணக்குப் போடவில்லை.

இனி பால்காரர் பக்கம் வருவோம். கட்டு சராசரி 15 கிலோ என்று வையுங்கள். மாசியில் கட்டுக்கூலியும் சேர்த்து 80 ரூபாய் அடக்கம் என்றால் கிலோ ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். ஐப்பசியில் கிலோ பன்னிரண்டரைக்கு மேல். பசு ஒன்றுக்கு நாளைக்கு 6 கிலோ வைக்கோல் போட்டால் 32 ரூபாய் செலவு 76 ஆகிறது, 44 ரூபாய் கூடுதல். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாயாக உயர்ந்தது. மூன்று ரூபாய். ஆறு லிட்டர் கறக்கிற மாட்டுக்கு அது நாளைக்கு 18 ரூபாய். அந்த 18-ஐ வைத்துக்கொண்டு இந்த 44-ஐ எப்படிச் சமாளிப்பது? இதில் தவிடு, பிண்ணாக்கு, மருத்துவச் செலவு எதுவும் சேரவில்லை.

இரண்டு லிட்டர் கறக்கிற நாட்டுமாட்டுக்குக் கணக்கே போடவேண்டாம். பால் காசு முழுக்க வைக்கோலுக்கே சரி. அதனால் விலை ஏறியதும் முதலில் சந்தைக்குப் போவது வறட்டு மாடு, அடுத்தது கிடேரி, அடுத்தது நாட்டுமாடு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டபோது இதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவில் நிலமில்லாத அக்கா ஒருவர் இரண்டு மாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். வைக்கோல் வாங்க முடியாமல் சினைமாட்டையே கொடுத்துவிட்டார். "கன்னு போட்டா நாலு மாசத்துல கடன அடைச்சிருப்பேன் தம்பி, அதுவரைக்கும் வயித்துக்குப் போடணுமே" என்றார். அதற்குப் பிறகு அவர் மாடு வாங்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த எருவும் அத்தோடு நின்றது.

எரு என்றதும் நம் பக்கத்து நஷ்டத்தைப் பேசவேண்டும். ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து, 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்து இருக்கிறது. நான் விற்ற 70 கட்டு ஒரு டன். நெல் பயிர் எடுக்கிற சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணிக்குப் போவதில்லை, தாளில்தான் தங்குகிறது. மூட்டையில் பொட்டாஷ் வாங்கிப் போடாத நாம், 2,800 ரூபாய்க்கு அதை லாரியேற்றி அனுப்புகிறோம். அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு என்று நம்மாழ்வார் ஐயா கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். நான் தலையாட்டிக் கேட்டவன்தான். நடுவை விற்றால் அடுத்த வருஷம் அடிக்கும் நுனிக்கும் என்ன மிஞ்சும் என்று அப்போது யோசிக்கவில்லை. இன்னொரு தகவல்: மாடு தின்ற சாம்பல்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில்தான் வெளியே வருகிறது. சாணத்தை மட்டும் அள்ளி, மூத்திரத்தைச் சாக்கடையில் விட்டால் வைக்கோலை வைத்திருந்தும் பாதிப் பயன்தான். தொழுவத் தரையைச் சற்றுச் சரிவாக்கி ஒரு குழியில் பிடிப்பது பெரிய செலவில்லை.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் சில விஷயம் பாருங்கள். கட்டுக் கணக்கில் விலை பேசினாலும் நாலைந்து கட்டை எடை போடுங்கள். ஒரே விலையில் 11 கிலோவும் இருக்கும், 16 கிலோவும் இருக்கும். கட்டின் நடுவில் கையை விடுங்கள். சூடோ ஈரமோ தட்டினால் வேண்டாம், பூஞ்சண வைக்கோல் மாட்டைக் கெடுக்கும், சினைமாட்டுக்குக் கூடவே கூடாது. பிளாஸ்டிக் கயிற்றை எண்ணி அவிழ்த்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது மாட்டு வயிற்றில்தான் சேரும். கதிர் வந்தபிறகு மருந்தடித்த வயலா என்று கேளுங்கள். பதில் சரியாக வராது, ஆனாலும் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், வைக்கோலை நம்பியே மாடு வளர்க்கக் கூடாது. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். வயிறு நிறையும், மடி நிறையாது. கிலோ பன்னிரண்டு ரூபாய் கொடுக்கிற நிலை வந்தால் கடலைக்கொடியும் உளுந்துப் பொட்டும் சோளத்தட்டும் என்ன விலை என்று விசாரித்துவிட்டுத்தான் வைக்கோலைத் தொடவேண்டும். வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா, மேட்டில் பத்து சென்ட் வேலிமசால் இருந்தால் நாளைக்கு ஒன்றிரண்டு கிலோ வைக்கோல் மிச்சம். நறுக்கிப் போட்டால் மாடு ஒதுக்கிக் கழிப்பதும் குறையும். யூரியா தெளித்து வைக்கோலைச் சத்தாக்கலாம் என்று சொல்வார்கள், அது நம் வழி இல்லை.

இந்த வருஷம் நான் செய்தது இரண்டு காரியம். ஓர் ஏக்கர் வைக்கோலை, எட்டு மாடு வைத்திருக்கும் பக்கத்துத் தெரு மாமாவுக்குக் காசில்லாமல் கொடுத்தேன். கோடையில் இரண்டு டிராக்டர் எரு வயலில் இறக்கவேண்டும் என்று பேச்சு. ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்தது, அரை ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பாவைக் கையால் அறுத்தது. ஆள் கூலி மிஷின் வாடகையைவிடக் கூடுதல்தான், ஒளிக்கவில்லை. நீளத் தாள் கிடைத்தது, களத்தில் போர் போட்டோம். போர் போடத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இப்போது இரண்டே பேர். ஒருவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மேலே ஏற முடியாது. அவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஓரத்த மிதிக்காத, நடுவுல மேடேத்து" என்று சொல்லச் சொல்ல, நானும் என் மகனும் மேலே நின்று மிதித்தோம். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்குத் தாங்கும் என்கிறார்.